கறுத்துப் பிறக்கட்டும்

அன்புள்ள மாமாவுக்கு,

என் ரத்தத்தில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று சொன்ன நாளிலிருந்து உங்கள் போன் அணைந்தே கிடக்கிறது. அதனால் கம்பெனி முகவரிக்கு எழுதுகிறேன்.

வளைகாப்பு முடிந்து பரவைக்கு, அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்தவர்கள் எல்லோரும் உங்களைத்தான் கேட்டார்கள். திருப்பூரில் லீவு தரவில்லை என்றேன்.

பெரியாஸ்பத்திரியில் இதற்கென்று கொடுத்த மாத்திரைகளைச் சத்து மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். அப்படி வைத்தால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்தேன். போன வாரம் அம்மா அதை அப்படியே சாக்கடையில் கொட்டிவிட்டாள்.

"சத்து மாத்திரை தின்னா பிள்ளை கறுத்துப் போகும்டி. எம்புட்டுத்தான் திம்ப?" என்றாள்.

அன்றைக்கே பஸ் ஏறிப் போய் மறுபடி வாங்கி வந்தேன். விடாமல் சாப்பிட்டால் பிள்ளைக்குத் தொற்றாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று அங்கே ஆலோசனை சொல்லும் அக்கா தைரியம் சொன்னார். உங்களையும் ரத்தம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். அங்கே மற்றவர்களுக்குத் துணைக்கு யாராவது வந்திருந்தார்கள். என் பக்கத்து நாற்காலியில் நான் பையை வைத்துக்கொண்டேன்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. டாக்டர் திட்டினார் என்று மட்டும் சொன்னேன். இப்போது சாப்பாடு முடிந்ததும் அவளே தண்ணீரும் மாத்திரையும் எடுத்துத் தருகிறாள்.

"கறுத்தா கறுத்துட்டுப் போகுது. அவுங்கப்பன் மாதிரிதான இருக்கப் போகுது" என்று நேற்று சிரித்தாள்.

மாத்திரையை விழுங்கிவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தேன், மாமா. நிறம் மட்டும் உங்களைப் போல இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி