குதிரை போன கப்பல்

அண்ணே,

நேற்று மதியம் கூரியர்காரர் என் ஜெராக்ஸ் கடைக்கு ஒரு பார்சல் கொண்டுவந்தார். மேலே விமானத் தபால் என்று சிவப்பு முத்திரை. பிரித்தால் கண்காட்சிப் புத்தகம். வழவழப்பான அட்டையில் நீங்கள் செய்த மண் குதிரை நிற்கிறது. அதற்குக் கண் வைத்திருக்கிறார்கள். புத்தகத்தை மேசைமேல் எறிந்தேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

உள்ளே ஒரு பக்கம் முழுக்க, உங்களிடம் குதிரை செய்யச் சொன்ன அந்த வெளிநாட்டு அம்மா எழுதியிருக்கிறார். விமானப் புகை பூமியைச் சுடுகிறது, அதனால் ஒரு முறைகூடப் பயணம் போகாமல், வீடியோ வழியாகவே உள்ளூர்க் கைவினைஞர் ஒருவரோடு சேர்ந்து இந்தச் சிற்பத்தைச் செய்தாராம். கைவினைஞர் ஒருவர். உங்கள் பெயரை நான் மூன்று தடவை எழுத்துக்கூட்டி அனுப்பியிருந்தேன். ஆள் பறக்கக் கூடாது, அதைச் சொல்லும் புத்தகம் மட்டும் பறந்து வரலாம். ஊருக்குத்தான் உபதேசம்.

உங்களுக்கு விமானம் ஏறக் கூடாது என்ற அந்த எண்ணத்தின் மேல் கோபம் இருந்ததே இல்லை. குன்றாண்டார்கோவில் கொட்டகையில் நான் போனைப் பிடித்துக்கொண்டு அவர் பேச்சைத் தமிழில் சொல்ல, நீங்கள் மண் பிசைந்தபடியே கேட்டீர்கள். "நல்லதுதானே சொல்றாங்க. மணமேல்குடியில மீன் பிடிக்கிற நம்ம சேக்காளியும் கடல் முன்ன மாதிரி இல்லைங்கிறாரு" என்றீர்கள்.

குதிரையின் கழுத்து இன்னும் நீளட்டும் என்பார் அந்த அம்மா. "நீண்டா சூளையில ஒடிஞ்சிரும்னு சொல்லு" என்பீர்கள். சொல்வேன், அவரும் கேட்டுக்கொள்வார். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

சூளை பிரித்த அன்று, கண் வைப்பதையும் கேமராவில் காட்டச் சொன்னார். நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தீர்கள். "அது ஆகாது தங்கச்சி. நிக்கிற எடத்துலதான் தொறக்கணும். எங்கிட்டுப் பாக்கப் போவுதுன்னு தெரியாம எப்புடிக் கண்ணு வைக்கிறது? புரவியெடுப்புல நீ பாத்ததில்லையா?" பார்த்திருக்கிறேன். திருவிழாவில் குதிரைகளைச் சுமந்துபோய்க் கோயிலில் இறக்கிய பிறகுதான், வாயில் துணி கட்டிக்கொண்டு, நீங்கள் மை தொட்டுக் கண் திறப்பீர்கள்.

அந்த அம்மா வருத்தமாகச் சிரித்தார். உங்களை அழைத்தால் விமானம் ஏற வேண்டும், அப்புறம் இந்த வேலைக்கே அர்த்தமில்லை என்றார். நான் சொன்னதும் நீங்கள் யோசிக்கவே இல்லை. "பிளைட்டு எதுக்கு? குதிரை கப்பல்லதானே போவுது. நானும் அதுலயே வாரேன்னு சொல்லு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படித்த திமிர், வேறென்ன. சரக்குக் கப்பலில் ஆளை ஏற்றுவார்களா, கேட்டால் நம்மைப் பட்டிக்காடு என்று நினைக்க மாட்டார்களா என்று அந்த வாக்கியத்தை அப்படியே விழுங்கினேன். அந்த அம்மாவிடம், அண்ணன் யோசித்துச் சொல்வாராம் என்றேன். உங்களிடம், "கேட்டுட்டுச் சொல்றாங்களாம்ண்ணே" என்றேன்.

நீங்கள் நம்பினீர்கள். குதிரை கண் இல்லாமல் வைக்கோல் பெட்டிக்குள் போனது. நீங்களோ திருச்சிக்குப் பஸ் ஏறிப் பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தீர்கள். விண்ணப்பம் நிரப்பித் தந்தவளே நான்தான். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். பாஸ்போர்ட் வந்ததும் நகல் எடுக்கக் கடைக்கு வந்தவர், அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. "ஒங்கிட்டயே இருக்கட்டும். சேதி வந்தா ஒடனே அனுப்பணும்ல" என்றீர்கள். பிறகு அந்தப் பக்கம் வரும்போதெல்லாம், "கப்பலப் பத்தி எதுவும் வந்துச்சா?" மாரடைப்பு உங்களைக் கொண்டுபோன வாரத்திலும் கேட்டீர்கள்.

இப்போது அங்கே கண்காட்சியில் யாரோ ஒருவர், ஒரு வெள்ளைச் சுவரைப் பார்க்கவைத்து அதன் கண்ணைத் திறந்துவிட்டார். அந்த அம்மாமேல் எனக்கு வரும் கோபம் பாதிதான். உங்கள் பெயரை விட்டது அவர் குற்றம். கப்பல் விஷயம் அவர் காதுக்கே போகவில்லை. கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை என்னுடையது.

அடுத்த குதிரைக்கு வேறு ஆள் பார்த்துத் தரச் சொல்லிப் புத்தகத்தோடு ஒரு கடிதமும் வைத்திருந்தார். இன்று காலை பதில் போட்டேன். முதலில் உங்கள் பெயர். அடுத்து, குதிரை போகிற கப்பலிலேயே நானும் வருகிறேன் என்று நீங்கள் சொன்னது. அதை நான் மறைத்தது. ஆள் பார்த்துத் தருவதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

உங்கள் பாஸ்போர்ட் இன்னும் என் மேசை டிராயரில்தான் இருக்கிறது, அண்ணே. அண்ணியிடம் கொண்டுபோய்க் கொடுக்க எனக்கு முகமில்லை. அதில் முத்திரை குத்தும் எல்லாப் பக்கமும் வெறுமையாக இருக்கிறது.