எந்தப் பக்கத்தில் விட்டீர்கள்?

மே 3
போதும். இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன். தண்ணீர், தெருவிளக்கு, டவுன் பஸ் என்று எல்லாவற்றுக்கும் புகார் எழுதியவன், எங்கள் கிளை நூலகர் ஜெனிலாவை மட்டும் விட்டுவைத்தது தப்பு. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் படகுக்காரர்களெல்லாம் வாசகர்களாகிவிட்டார்கள். வருகிறவர்களிடமெல்லாம், "கடைசியா எந்தப் புத்தகத்த எந்தப் பக்கத்துல விட்டீங்க?" என்று கேட்கிறார். பதிலைக் கேட்டதும் அலமாரிக்குள் புகுந்து ஒன்றை எடுத்துவருகிறார். விசைப்படகு ரோச்சுக்கு இன்று கால் மணி நேரம். எம்.ஏ. படித்த எனக்கு? ஒரு தலையாட்டல்.

மே 6
ரோச் வாசித்துக்கொண்டே சிரிக்கிறான். இதையும் புகாரில் சேர்க்க வேண்டும்.

மே 11
கேட்டேவிட்டேன்: என்னிடம் மட்டும் ஏன் கேட்பதில்லை?

"எல்லாம் படிச்சாச்சு, எனக்கு யாரும் சொல்லவேண்டாம்னு நீங்கதான சார் சொன்னீங்க?"

சொல்லியிருக்கலாம். அதற்காக?

"சரி, எத எங்கன விட்டீங்க?"

காப்பியம், தத்துவம், உலக வரலாறு - எல்லாமே முன்னுரையோடு விட்டவை. மெதுவாகத்தான் சொன்னேன். ரோச் திரும்பிப் பார்த்தான்.

கொடுத்தது துப்பறியும் நாவல். கப்பலில் கொலை. செய்தித்தாளில் சுற்றி எடுத்துவந்தேன்.

மே 13
சமையல்காரனாக இருக்குமோ?

மே 14
கேப்டனின் மச்சினன்! முடித்துவிட்டேன். நான் ஒரு புத்தகத்தை முடித்து எவ்வளவு காலம்... வேண்டாம். புகாரை அனுப்ப முடியாது. அதன் பின்பக்கத்தில்தான் சந்தேக நபர்களைக் குறித்து வைத்திருக்கிறேன்.

மே 20
ஜெனிலாவை விளாத்திகுளத்துக்கு மாற்றுகிறார்களாம். வாசகர்களோடு ஓயாமல் பேசுகிறார் என்று யாரோ மொட்டைக் கடுதாசி போட்டிருக்கிறார்கள். நான் நுழைந்ததும் எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"ஏன் அண்ணாச்சி, ஒங்களுக்கு வேற சோலியே இல்லியா?" என்றான் ரோச்.

"நா இல்லடே! எழுதினேன், அனுப்பலியே!" என்றேன். யார் நம்புவார்கள்?

ஜெனிலாதான் சொன்னார்: "சார் இல்ல, ரோச். அந்தக் கடுதாசி அரைப் பக்கந்தான். சார் எழுதியிருந்தா முன்னுரையே அதுக்கு மேல வந்திருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் அடுத்த நாவலை என் பக்கம் நகர்த்தினார்.

மே 22
மாவட்ட நூலக அலுவலருக்கு எழுதிவிட்டேன். ஜெனிலாவை மாற்றக் கூடாது. அவர் பேசுவதால்தான் இங்கே புத்தகம் வெளியே போகிறது, படித்து முடித்துத் திரும்பியும் வருகிறது. முன்னுரை இல்லை.

பெயர் எழுதப் போனேன். நிறுத்திக்கொண்டேன். இந்த மாவட்டத்தில் என் கையெழுத்தைப் பார்த்தால் மேலே இருப்பதை யாரும் படிப்பதில்லை. பெயர் போடாமலேயே தபாலில் சேர்க்கப் போகிறேன். ஒருவரைப் பாராட்டியும் ஒரு மொட்டைக் கடுதாசி போகட்டும்.