இரண்டு நில்ஸ், ஒரு கிண்ணம்

அன்பு மகன் ஷூருக்கு, லின்செட் பண்ணையிலிருந்து அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் நான் கால்வலியோடு நடமாடிக்கொண்டிருக்கிறேன், அங்கே அமெரிக்காவில், மினசோட்டாவில் நீயும் மெலிஸாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆடுகளை மலையிலிருந்து இறக்கியாயிற்று, ஒன்று மட்டும் நொண்டுகிறது, ஆப்பிள் இந்த வருடம் சிறுத்துப் போய்விட்டது. போனில் பேசாமல் கடிதம் ஏன் என்று யோசிப்பாய். போனில் நீ குழைந்து பேசுவாய், நான் இளகிவிடுவேன். இளகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

உன் வருங்கால மாமனார் டேல் லின்செட் இங்கே வந்து தங்கிப் போனாரே, அனுப்பியதே நீதானே. "இன்டர்நெட்டுல பழைய தேவாலயப் பதிவேடெல்லாம் தேடிட்டேம்மா, மெலிஸாவோட அப்பா வேற யாருமில்ல, அமெரிக்காவுக்குப் போன நம்ம நில்ஸ் தாத்தாவோட பேரன்"னு நீ சொன்னபோது சொந்தத்துக்குள்ளேயே சம்பந்தம் அமைந்ததே என்று நான் அழுதேன். பெற்ற பிள்ளை சொன்னால் எந்தத் தாய் சரிபார்ப்பாள்? பஞ்சுபோல லெஃப்சே ரொட்டி தட்டினேன், ஆட்டுக்கறியும் முட்டைக்கோஸும் வேகவைத்தேன், உன் அப்பா ஹல்வார் போனபிறகு ஒருத்தரையும் உட்காரவிடாத நாற்காலியில் அந்த மனிதரை உட்காரவைத்தேன். கிளம்பும்போது அலமாரியைத் திறந்து, பூ வரைந்த பழைய பியர்க் கிண்ணத்தை எடுத்துக் கையில் கொடுத்தேன். அவர் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டார். நல்ல மனிதர், அவர்மேல் எனக்கு ஒரு சொல்லும் இல்லை.

அந்தக் கிண்ணம் என்னவென்று உனக்குத் தெரியாதா? மூத்த மகனுக்குப் பாட்டன் பெயரும் பாட்டன் கிண்ணமும் என்பது நம் வழக்கம். நில்ஸ்தான் மூத்தவர், பண்ணையும் கிண்ணமும் அவருக்கு உரியவை. அமெரிக்கா போகிறேன் என்று புறப்பட்டார், அப்புறம் ஒரு வரி இல்லை. இளையவரான உன் தாத்தா பண்ணையை எடுத்துக்கொண்டார், எடுத்த நாளிலிருந்து ஊர் வாய் மூடவில்லை. "அண்ணனை வெரட்டிட்டு வீட்ல உக்காந்துக்கிட்டான்"னு பள்ளிக்கூடத்திலேயே உன் அப்பாவை இடித்துக்காட்டுவார்களாம். கிறிஸ்துமஸுக்குக் காய்ச்சும் பியரை முதலில் அந்தக் கிண்ணத்தில் ஊற்றி, யாரும் தொடாமல் மேசை நடுவில் வைப்போமே, அது நில்ஸுக்கு. "அவங்க ஆளு யாராவது வந்தா இதைக் கொடுத்தாத்தான் எனக்கு நிம்மதி"ன்னு உன் அப்பா சொல்லாத வருடம் உண்டா?

போன ஞாயிறு பக்கத்துப் பண்ணை குன்வோர் காபிக்கு வந்தாள். புருஷன் போனபிறகு கம்ப்யூட்டரே கதியென்று பழைய பதிவேடுகளைப் படித்துக்கொண்டிருக்கிறாளே, அவள்தான். டேல் வந்ததையும் கிண்ணம் கொடுத்ததையும் நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டே போக, அவள் முகம் வெளுத்துவிட்டது. "ஆஸ்தா, அது உங்க நில்ஸ் இல்லடி. உங்க நெலத்துல குடிசை போட்டுக் கூலிக்கு இருந்தானே, அவன் மகன் ஒரு நில்ஸ். அமெரிக்கா போனதும் இருந்த பண்ணையோட பேரையே அவனும் வெச்சுக்கிட்டான், எல்லாரும் செஞ்சதுதானே. உங்க நில்ஸ் கப்பலே ஏறல. பெர்கன் துறைமுகத்துல கப்பலுக்குக் காத்திருந்தப்பவே காய்ச்சல்ல போயிட்டான், அங்க புதைச்சதா தேவாலயப் பதிவேட்ல இருக்கு, பண்ணை பேரோட." நான் அவளைத் திட்டினேன். என் மகன் தேடிப் பார்த்துச் சொன்னது பொய்யாகுமா, உனக்குப் பொறாமை என்றேன். அதற்கு அவள் சொன்னாள், "உன் பையன் கேட்டுத்தான்டி நானே தேடினேன். ஹல்வார் ஆஸ்பத்திரில கெடந்த குளிர்காலத்துலயே எல்லாத்தையும் எழுதி அனுப்பிட்டேன். வீட்டு விஷயம், மகனே சொல்லியிருப்பான்னு இருந்துட்டேன்."

ஷூர், அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த குளிர்காலம். வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தார் உன் அப்பா. "நில்ஸ் ஆளுங்க யாராச்சும் கெடைச்சாங்களா"ன்னு போனில் உன்னிடம் கேட்டபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். "கெடைச்சுட்டாங்கப்பா, வருவாங்க"ன்னு சொன்னாய். அவர் சந்தோஷமாகப் போகட்டும் என்றுதான் சொன்னேன் என்பாய். எது சந்தோஷம்? உங்கள் பெரியப்பா கோபித்துக்கொண்டு போகவில்லை, எழுதமாட்டேன் என்று இருக்கவில்லை, எழுத அவர் உயிரோடு இல்லாமல் போயிற்று, உங்கள் அப்பா யாரையும் விரட்டவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மனிதர் வாழ்நாள் முழுக்கச் சுமந்ததை இறக்கிவைத்துவிட்டுக் கண்ணை மூடியிருப்பார். அதைச் சொன்னால், நம் சொந்தமென்று நம்பியிருந்த டேல் சொந்தமில்லை என்றாகிவிடும், மாமனார் முகம் வாடிவிடும். மாமனார் மனசு நோகக் கூடாது, அப்பன் மனசு எப்படிப் போனாலும் போகட்டும், அப்படித்தானே ஐயா? பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள், நம் வீட்டில் அது வராது என்று இருந்தேன்.

அந்த டேலுக்கும்தான் என்ன நல்லது செய்தாய்? குடிசைக்காரர் வம்சம் என்றால் நான் சோறு போடமாட்டேனா? ராஸ்பெர்ரிப் புதருக்கு மேலே அந்தக் குடிசையின் அடிக்கல் இன்னும் கிடக்கிறது. தினமும் அதைத் தாண்டிப் போய் ஆடுகளைப் போட்டோ எடுத்தார். தன் தாத்தா பிறந்த இடம் காலடியில் கிடந்ததை அறியாமலே போய்விட்டார். நானே கையைப் பிடித்து அங்கே உட்காரவைத்திருப்பேன், நீ அதையும் பறித்துவிட்டாய்.

நேற்று மெழுகுவத்தியோடு அப்பா கல்லறைக்குப் போனேன், நில்ஸ் சேதியைச் சொல்லிவிடலாம் என்று. வாய் வரவில்லை. அவர் கேட்டது என்னிடமில்லை, உன்னிடம். பதில் உன் வாயிலிருந்துதான் வரவேண்டும். டேலிடம் நான் எதுவும் சொல்லவில்லை, அதையும் நீயே சொல், மெலிஸாவை வைத்துக்கொண்டு சொல்.

உன்னைச் சபிக்க எனக்கு மனமில்லை. கர்த்தர் உன்னைக் காக்கட்டும், நீங்கள் இருவரும் பொய்யில்லாமல் குடித்தனம் செய்யுங்கள். அங்கே பனி தொடங்கியிருக்கும், நான் பின்னிய கம்பளிச் சட்டையை உள்ளே போட்டுக்கொள். கிறிஸ்துமஸ் பியரை வழக்கம்போலக் காய்ச்சிவிடுவேன், ஊற்றத்தான் கிண்ணம் இல்லை. டேலிடமிருந்து அதை வாங்கித் தபாலில் போட்டுவிடாதே. உன் கையில் எடுத்து வா, வீட்டுக்கு வருமுன் கல்லறைக்குப் போய்விட்டு வா.

இப்படிக்கு,
இன்னமும் உன் அம்மாதான்,
ஆஸ்தா