பாதியில் நின்ற வசவு

1971 ஜூன் 14, சின்னக்கானல்

நான் கைநாட்டு. நான் சொல்ல, மருமகள் சுருளியம்மாள் எழுதுகிறாள். அலங்காரம் வேண்டாம், சொன்னதை எழுது என்றிருக்கிறேன்.

வெற்றிலையைச் சுவரோரம் துப்பினேன் என்று என் பெண்டாட்டி குருவம்மாள் வசவு தொடங்கினாள். பாதியில் நின்றுவிட்டது. மூச்சு வாங்குகிறது. எஸ்டேட் கூலி வீட்டு வரிசையில் மூன்று லயம் தாண்டிக் கேட்கிற வாய் அது. காலில் விரலால் அழுத்தினால் குழி விழுகிறது.

ஜூன் 17

கம்பவுண்டர் மிக்கேல்ராஜ் இரத்தக்குறை என்று சிவப்பு மருந்து கொடுத்தான். பல்வலிக்கும் அதுதான், பேதிக்கும் அதுதான். ஒரு பாட்டிலை வைத்துக்கொண்டு எஸ்டேட்டையே ஆளுகிறான்.

ஜூன் 29

படுத்தால் மூச்சு முட்டுகிறது. அரிசிச் சாக்கில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குகிறாள். அடுத்த வீட்டுச் சோலை குறி கேட்டு வந்து, கன்னிமார் கோபம் என்றான். கன்னிமாருக்கு வேறு வேலை இல்லையா? வருஷம் தவறாமல் பொங்கல் வைக்கிறவள் காலைத்தான் பிடிப்பார்களா?

ஜூலை 8

மாதம் ஒருமுறை வரும் டாக்டர். மலையாளத்துப் பிள்ளை. நெஞ்சில் குழாய் வைத்து வெகுநேரம் கேட்டார். சிறுவயதில் மூட்டுக் காய்ச்சல் வந்ததா என்றார். இவள் இல்லையென்று தலையாட்டுகிறாள். நான் சொன்னேன்: பெருவெள்ளம் வந்த இருபத்துநாலாம் வருஷம் இவளுக்கு வந்தது. முழங்கால் வீங்கி, அது வடிந்ததும் மணிக்கட்டு வீங்கியது. இவள் அப்பன் தோளில் சுமந்து அலைந்தான். நானும் அந்த லயத்துப் பொடியன்தான்.

அந்தக் காய்ச்சல் இதயத்துக்குள் இருக்கும் கதவைக் கெடுத்துவிட்டதாம். இரத்தத்தைத் தள்ள முடியாமல் உடம்பில் தண்ணீர் கட்டுகிறதாம். கதவு கெட்டு இத்தனை காலம் கழித்துச் சேதி வருகிறது!

தண்ணீர் வடிய மாத்திரை. வேலைக்குப் போகக்கூடாது. குழம்பில் உப்பு, கருவாடு, ஊறுகாய் கூடாது. தேயிலைத் தண்ணி குடிக்கலாமா என்றாள். பால் இல்லாமல் குடி என்றார்.

ஜூலை 20

உப்பில்லாத குழம்பு. மாடுகூட முகர்ந்துவிட்டுப் போய்விடும். வீக்கம் மட்டும் போகவில்லை. படிப்பாம், டாக்டராம்.

ஆகஸ்ட் 5

இவளால் ஆஸ்பத்திரிவரை நடக்க முடியவில்லை. டாக்டரே லயத்துக்கு வந்தார். சுருளியம்மாள் தேயிலைத் தண்ணி கொடுத்தாள். ஒரு வாய் குடித்தவர் வாசலுக்கு ஓடித் துப்பினார். விருந்தாளிக்கு லட்சணம் இதுவா?

"இதில் உப்புண்டோ?" என்றார்.

"தேயிலத் தண்ணியில உப்பு இல்லாம வேற எதுலய்யா இருக்கும்?" என்று இவள் சிரித்தாள். சிரித்ததற்கே மூச்சு இளைத்தது.

மலையில் கொழுந்து கிள்ளும்போது வாளியில் வருவதும் உப்புப் போட்ட தேயிலைத் தண்ணிதான், வீட்டில் காய்ச்சுவதும் அதுதான். நாள் முழுக்கக் குடிக்கிறாள். அவர் கேட்கவில்லை, நாங்கள் சொல்லவில்லை. அவர் படித்த படிப்பும் என் ஞாபகசக்தியும் ஒரு டம்ளரில் கவிழ்ந்தன. த்தூ.

ஆகஸ்ட் 9

உப்பில்லாத் தேயிலைத் தண்ணி. பாத்திரம் கழுவின தண்ணீர் தேவலை. நானும் அதையே குடிக்கிறேன். வீட்டில் ஒரே கேத்தல்தான், அதனால்.

ஆகஸ்ட் 30

கணுக்கால் எலும்பு தெரிகிறது. படுத்தே தூங்குகிறாள், அரிசிச் சாக்கு மூலைக்குப் போனது. கெட்ட கதவு கெட்டதுதான், மாத்திரை கடைசிவரை வேண்டும் என்கிறார் டாக்டர். மாதம் ஒருமுறை மலையேறுகிறவர், கடைசிவரை பற்றிப் பேசுகிறார்.

செப்டம்பர் 4

இன்று வேண்டுமென்றே சுவரோரம் துப்பினேன்.

"ஏ கெழவா, செவரு என்ன ஒம்ம அப்பன் கட்டுனதா?" என்று ஆரம்பித்து, அப்பனைத் தொட்டு, தாத்தாவைத் தொட்டு, வெற்றிலைக் கடைக்காரன்வரை வந்துதான் முடித்தாள். நடுவில் எங்கும் நிற்கவில்லை. மூன்றாவது லயத்தில் நாய் குரைத்தது.