கை சூடாக இருக்க வேண்டும்

ஜனவரி 9, வியாழன்
இறால் உரிக்கும் ஷெட்டில் இன்றும் விரல்கள் வெளுத்தன. பிறகு நீலம். ஐஸில் கை வைத்தால் யாருக்கும் இப்படித்தான் என்று இரண்டு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து உரிக்கும் அம்பிளி சேச்சிக்கு ஏன் வரவில்லை? "நினக்கு முகத்தில ஒரு சுருக்கமும் இல்லல்லோ, என்ன தேய்க்குற?" என்று வேறு கேட்கிறாள். சிரிக்க வாய் முழுதாகத் திறக்கவில்லை. தோல் இழுக்கிறது.

பிப்ரவரி 3
ஆஸ்பத்திரி. பெயர் ஸ்க்ளீரோடெர்மாவாம். உடம்பைக் காக்க வேண்டியதே உடம்பைத் தாக்குகிறதாம். தோல் இறுகும். நுரையீரலும் இறுகலாம். தொற்றாது. முழுக்கப் போகாது, மாத்திரையில் அடக்கி வைக்கலாம். டாக்டர் ஷபானா என் கையைப் பிடித்துக்கொண்டே சொன்னார்: "தணுப்பு படக்கூடாது, கேட்டோ. கை எப்பவும் சூடா இருக்கணும்."

அப்படியானால் என் வேலை? கேட்கவில்லை.

பிப்ரவரி 4
என் தம்ளர் தனியாக இருக்கிறது. மாமியார் வேலை. தொற்றாது என்றேன். "நான் ஒண்ணும் சொல்லலியே" என்கிறார். பற்றிக்கொண்டு வந்தது.

மார்ச் 16
ஷெட்டை விட்டு ஒரு மாதம் ஆகிறது. மாமியார் எனக்காக மாரியம்மனுக்கு அக்னிச்சட்டி நேர்ந்துவிட்டார். நானே எடுக்க வேண்டுமாம். டாக்டர் சூடு வேண்டும் என்கிறார், இவர் தீயையே கையில் தருகிறார். இரண்டு பேரும் ஒன்றைத்தானே சொல்கிறார்கள்? எடுக்கிறேன் என்றேன். தாயே, என் விரல்கள் எனக்கு வேண்டும். வேறெதுவும் கேட்கவில்லை.

ஏப்ரல் 11
எடுத்தேன். சட்டிக்கடியில் வேப்பிலை வைத்துக் கோயிலைச் சுற்றி வந்தேன். விரல்கள் சிவந்தன – எத்தனை நாளாயிற்று அந்தச் சிவப்பைப் பார்த்து. அழுதுவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் மாமியார் என் தம்ளரிலேயே தண்ணீர் குடித்தார்.

ஏப்ரல் 13
கொப்புளம். சுட்டதே தெரியலையே எனக்கு.

மே 6
ஆறவில்லை. ஆள்காட்டி விரல் நுனி கறுத்துவிட்டது. ரத்தம் ஒழுங்காகப் போகாத விரலில் புண் ஆறாதாம். டாக்டர் திட்டவில்லை. "சூடுன்னா கையுறைன்னு நான் தெளிவா சொல்லிருக்கணும்" என்றார். திட்டியிருக்கலாம். மாமியார் அடுப்படியில் உட்கார்ந்து அழுகிறார். நான் யாரைத் திட்ட?

மே 20
நடுவிரல் நுனியும் கறுக்குது. பேனா பிடிக்க முடியல. மாடி ஏறினா மூச்சு வாங்குது. யார்கிட்டயும் சொல்லல.

ஜூன் 22, ஞாயிறு
நான் சொல்லச் சொல்ல மகள் அம்ருதா எழுதுகிறாள். மலையாளப் பள்ளியில் படிப்பவள், தமிழ் எழுத நேரமாகிறது. வலது கையில் இரண்டு விரல் நுனியை எடுத்துவிட்டார்கள். வலி இல்லை. மூச்சு வாங்கவில்லை. நன்றாகத் தூங்குகிறேன்.

நெசமாம்மா என்று நான் கேட்டேன். எழுது என்கிறாள் அம்மா.