காலை நிகழ்ச்சி பற்றி ஒரு நேயர்

கண்ணா,

"நிகழ்ச்சியை மாத்தியிருக்கோம், நேயர்கள் கருத்தை எழுதுங்க" என்று வானொலியில் சொன்னாய். எழுதுகிறேன். பழைய அறிவிப்பாளர் நிதானமாகப் பேசுவார். நீ ரயிலைப் பிடிக்க ஓடுகிறவன் மாதிரி பேசுகிறாய். உன் ஜோக்குக்கு நீயே முதலில் சிரிக்காதே. எங்கள் தையல் கடையில் எல்லாருக்கும் இந்தக் குறைதான்.

நீ வங்கி வேலையை விட்டு அங்கே சேர்ந்த அன்றே, "அவன் குரலே இந்த வீட்டுல கேக்கக் கூடாது" என்று அப்பா ரேடியோவைப் பரணில் ஏற்றிவிட்டார்.

நேற்றுக் காலை குடையை மறந்து பாதி வழியில் திரும்பி வந்தேன். வாசலிலேயே உன் குரல் கேட்டது. வழக்கம்போல, "எல்லாரும் சாப்பிட்டாச்சா?" என்றாய். சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அப்பா, "ஆச்சுடா, நீ சாப்பிட்டியா?" என்றார்.

உள்ளே போகாமல், நனைந்துகொண்டே கடைக்குப் போய்விட்டேன்.

எதை மாற்றினாலும் அந்தக் கேள்வியை மாற்றாதே.

அம்மா