குளவிக் கட்டைக்குப் பட்டி பார்த்தவருக்கு

ஏங்க, பெயின்டரைக் கட்டிக்கிட்டா வீட்டுல ஒரு ஓட்டைகூட நிம்மதியா இருக்கக் கூடாதா? தோட்டத்துச் சுவர்ல தொங்குற கட்டையில அத்தனை துளையும் நான் வேணும்னே போட்டது. முட்டைக்கோஸைத் தின்னு தீர்க்குற புழுவைப் பிடிக்க வர்ற குளவிக்கு அதுதான் வீடு. அதுக்குப் போய்ப் பட்டி பார்த்து வெச்சிருக்கீங்களே! உள்ள இருக்குற குஞ்சுங்க எப்படி வெளிய வரும்?

என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா வாயில இருந்து முத்தா உதிர்ந்துடும்?

வண்டிச் சாவியை நான் எடுத்துட்டுப் போறேன், நழுவ முடியாது. பட்டி இறுகுறதுக்குள்ள சுரண்டி எடுங்க. மண்ணு தெரிஞ்சதும் நிறுத்திடுங்க. சோறு அடுப்பு மேல இருக்கு, முடிச்சிட்டுச் சாப்பிடுங்க.

பி.கு.: கீழ்மூலையில ஒரு துளையை விட்டுட்டீங்க. அதைக் குளவியே மண்ணு பூசி மூடியிருக்கு. தொடாம நின்னு பாருங்க. உங்க பூச்சைவிட நேர்த்தியா இருக்கு.